அப்பாவுக்கு மறதி இருந்ததில்லை

‘இன்ஜினியர் மேடம்’ என்று கேலி செய்துகொண்டே என்னைத் தினமும் பேருந்து ஏற்றிவிட்ட அப்பாவுக்கு,

எனக்கு வேலையில் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். “சரி” என்றாள், அவ்வளவுதான். உங்கள் உயிரைக் குடித்த விபத்தைப் பற்றித் தொழிற்சாலை அனுப்பிய அறிக்கையை எடுத்து வந்து, இங்கிலீஷில் இருக்கிறது, படித்துச் சொல் என்றாள். படித்தேன். “பெரிசா ஒண்ணும் இல்லம்மா” என்று மடித்து வைத்தேன். பொய் சொல்வது எனக்கு இப்போது தண்ணீர் பட்ட பாடு.

அறிக்கையில் இருப்பது இதுதான். வால்வைத் தவறாகத் திறந்தது நீங்கள். உங்களுக்கு ஞாபக மறதி. விபத்துக்கு ஏழு மாதம் முன்பு தொழிற்சாலை டிஸ்பென்சரியில் நீங்களே அதைச் சொல்லியிருக்கிறீர்கள், பதிவேட்டில் இருக்கிறது.

ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் பதினெட்டு வருடம் ஒரே மருந்து ரியாக்டர் பக்கத்தில் நின்றவர் நீங்கள். எந்த வால்வு எந்தக் குழாய்க்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். என் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் எண் எனக்கே மறந்துவிட்டது, உங்களுக்கு மறக்கவில்லை. உங்களுக்கா மறதி? அதை அவர்கள் நிஜமாகவே நம்பியிருந்தால் அதன் பிறகும் ஏழு மாதம் உங்களை ஏன் அந்த ரியாக்டரிலேயே நிற்க வைத்தார்கள்? சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். என்னால் கேட்க முடியாது. ஏன் என்று இன்று காலை வரை நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். இனி ஊருக்கும் தெரியட்டும் என்றுதான் இதை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடம் நான் அலைந்தது உங்களுக்குத் தெரியும். அமீர்பேட்டை கம்ப்யூட்டர் சென்டர்களில் ஒரு கோர்ஸ் முடித்தால் இன்னொரு கோர்ஸ். உங்கள் சட்டையின் ரசாயன வாடை என் சுடிதாரிலும் ஏறியிருக்கும், பேருந்தில் பக்கத்தில் இருப்பவள் மூக்கைத் திருப்பிக்கொள்வாள். நேர்முகத் தேர்வுக்குப் போனால் எல்லா இடத்திலும் ஒரே கேள்வி, அனுபவம் உண்டா. வேலையே கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்? அதையும் அமீர்பேட்டையிலேயே விற்றார்கள். பெயர்ப்பலகை மட்டும் இருந்த ஒரு கம்பெனியில் நான் இரண்டு வருடம் வேலை பார்த்ததாக ஒரு கன்சல்டன்சிக்காரர் சான்றிதழ் தயாரித்துக் கொடுத்தார். அதைக் காட்டி வேலை வாங்கினேன். உங்களிடம் சொல்லவில்லை.

சொல்லாததுதான் வினையாகப் போயிற்று. நான் கொடுத்த விவரம் சரிதானா என்று பார்க்கப் புதுக் கம்பெனி வீட்டுக்கு ஆள் அனுப்பும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஆளுக்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, அன்று சாயங்காலம் என்னிடம் பெருமையாகச் சொன்னீர்கள்.

“கம்பெனியில இருந்து ஒரு தம்பி வந்தாரும்மா. இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தாங்கன்னு கேட்டாரு. வேலையா, ரெண்டு வருசமா படிப்பு படிப்புன்னு ஓடுது, நான்தான் பஸ் ஏத்தி விடுறேன், இதுதான் சார் மொத வேலைன்னேன். நல்லபடியா சொல்லி அனுப்பியிருக்கேன்.”

“உங்கள யாரு வாயத் தொறக்கச் சொன்னா?” என்று கத்தினேன். நீங்கள் அம்மாவைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் அன்று போன போக்கு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

மூன்று நாளில், வேலையை நிறுத்தி வைத்து விளக்கம் கேட்டுக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. கன்சல்டன்சிக்காரர் சர்வசாதாரணமாகச் சொன்னார். “டென்ஷன் நக்கோ மேடம். ஃபாதருக்கு மெமரி ப்ராப்ளம், ஏதோ தெரியாம சொல்லிட்டார்னு ஒரு டாக்டர் சீட்டு வைங்க. ஹோ கயா, வேலை முடிஞ்சது.”

அதை அப்படியே வந்து உங்களிடம் சொன்னேனே, என் நாக்கு அழுகியிருக்க வேண்டாமா? நீங்கள் கோபப்படவில்லை. “அத குடுத்தா வேலைய திருப்பித் தந்துருவாங்களா?” என்று மட்டும் கேட்டீர்கள். வெளியே தெரிந்த டாக்டர் யாருமில்லை. தொழிற்சாலை டிஸ்பென்சரிக்கே போனீர்கள்.

வாங்கி வந்து சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். “இன்னைக்கு என்ன கிழமைன்னு டாக்டர் கேட்டாரு. ஞாயித்துக்கிழமைன்னேன். ஞாயித்துக்கிழமை லீவாச்சே, இங்க எதுக்கு வந்தீங்கன்னாரு. ஆமால்ல சார், மறந்துட்டேன்னேன்.”

நானும் சேர்ந்து சிரித்தேன் அப்பா. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சீட்டைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. வேலையில் சேர்ந்து ஒரே மாதத்தில் எல்லாம் கற்றுக்கொண்டேன். சான்றிதழில் இருந்த அந்த இரண்டு வருட அனுபவம் இன்றுவரை ஒரு நாள்கூடத் தேவைப்பட்டதில்லை. எதற்காகக் கேட்டார்கள்? கேட்டவர்களுக்காவது தெரியுமா?

உங்களோடு ஷிப்ட் பார்த்த சத்தையா அங்கிள் போன வாரம் வீட்டுக்கு வந்தார். அந்த வால்வு ஒழுகுகிறது என்று நான்கு நாளாக நீங்கள் சூப்பர்வைசரிடம் சொன்னதை அவர் காதால் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணை. சத்தையா அங்கிள் சொல்லத் தயார். ஆனால் தொழிற்சாலைக்காரர்கள் அந்தப் பதிவேட்டை எடுத்துப் போட்டால் அவர் பேச்சு எடுபடாது. அந்த மறதி எங்கிருந்து வந்தது என்று நான் ஒருத்திதான் சொல்ல முடியும். சொன்னால் என் வேலை போகும். வேறு கம்பெனியிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “போடி, முடியாது” என்று சொல்லியிருக்கக் கூடாதா? மகள் என்ன கேட்டாலும் செய்துவிடுவதா?

இன்று காலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். “அன்னைக்குச் சிரிச்சிக்கிட்டே வந்தாரே, இதுக்குத்தானா?” என்றாள். பிறகு அந்த அறிக்கையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

திங்கட்கிழமை நான் போவேன். அப்பாவுக்கு மறதி கிடையாது, அந்தச் சீட்டு எனக்காகச் சொன்ன பொய், சொல்ல வைத்தவள் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மனம் மாறிவிடுமோ என்ற பயத்தில்தான் அதற்கு முன்பே இதை வெளியே அனுப்புகிறேன். வேலை போனால் அழுவேன். பட்ட பாடு அப்படி. ஒரு தடவை பொய் சொன்னவள் இன்று சொல்வதை மட்டும் எப்படி நம்புவது என்று அவர்கள் கேட்பார்கள். வேலையும் போய், உங்கள் மேல் விழுந்த பழியும் போகாமலே இருக்கலாம். ஆனாலும் சொல்வேன் அப்பா.

வாழ்நாளில் நீங்கள் சொன்ன ஒரே பொய்க்குச் சொந்தக்காரியான,
உங்கள் மகள் தேன்மொழி