தேவதாருப் பெட்டியில் சாமந்தி

மொரப்பூர்
14-2-1945

அன்பு மகன் சென்றாயனுக்கு அப்பா எழுதுவது. தீர்த்தமலையான் தயவில் நானும் உன் அம்மாவும் உன் மனைவி செல்லியும் நல்லபடி இருக்கிறோம். ராவல்பிண்டிக் குளிரில் உன் நெஞ்சுச்சளி விட்டதா என்று எழுது.

செல்லியைப் பற்றி நான் ஒன்றும் எழுதுவதில்லை என்று கோபித்திருந்தாய். எழுத நல்ல சேதி இல்லை, அதனால்தான். குழந்தை பிறந்து தவறிய நாளிலிருந்து மூன்று மாதமாக அவள் உள்ளறையிலேயே கிடந்தாள். கேட்டால் தலையாட்டுவாள், வாய் திறக்கமாட்டாள். உன் அம்மா கோயிலுக்கும் வைத்தியரிடமும் நடந்து ஓய்ந்துபோனாள். ஜோலார்பேட்டையில் நான் தச்சு வேலைக்குப் போயிருந்தபோது ரயில்வே குவார்ட்டர்ஸில் ஜன்னலுக்கு வெளியே மரப்பெட்டி மாட்டிப் பூச்செடி வளர்த்ததைப் பார்த்திருக்கிறேன். அதைப் பேச்சுவாக்கில் உன் அம்மாவிடம் சொன்னது என் தப்பு. "நம்மூட்டுக்கும் ஒண்ணு செய்யுங்க, அந்தப் புள்ள படுத்தபடியே பச்சையப் பாக்கட்டும்" என்று பிடித்துக்கொண்டாள். அதற்கு மரம், நீ லீவில் சாமான் போட்டுக் கொண்டுவந்த தேவதாருப் பெட்டிதான் வேண்டுமாம். சாமி அலமாரி செய்ய அதை நான் எடுத்து வைத்திருந்தேன். இரண்டு நாள் வாதாடித் தோற்றேன். பிரித்து இழைத்தபோது தெருவெல்லாம் வாசனை. நம் பக்கத்து மரம் போல முரண்டு பிடிக்கவில்லை, எண்ணெய்ப் பசை இருப்பதால் ஈரத்துக்கும் கரையானுக்கும் அஞ்சாது. அடியில் தண்ணீர் வடிய ஐந்து துளை போட்டு, இரும்புத் தாங்கி வைத்து செல்லியின் அறை ஜன்னலுக்கு வெளியே மாட்டினேன். அம்மா சாமந்தி நாற்று நட்டு ஓரத்தில் கொத்தமல்லி தூவினாள். இருபது நாள் செல்லி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம் ஒரு காலையில் பெட்டி மண் நனைந்திருந்தது. நானும் ஊற்றவில்லை, அம்மாவும் ஊற்றவில்லை.

போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுச் சின்னக்காவின் ஆடு முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி நின்று, மொட்டு விட்ட சாமந்தியை மேய்ந்துவிட்டது. வாசலில் வேலையாக இருந்தேன். "ஏ சின்னக்கா, உன் ஆட்டக் கட்டி வெக்க ஊருல கயிறே இல்லயா" என்று தெருக்கோடிவரை கேட்கிற குரல். யாரென்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அதற்குள் செல்லி துடைப்பத்தோடு ஆட்டை விரட்டிக்கொண்டு சின்னக்கா வாசலுக்கே போய்விட்டாள். சின்னக்கா சண்டைக்குச் சளைத்தவளா. ஆனால் அன்று செல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு, "திட்டு கண்ணு, இன்னும் நல்லா வய்யி" என்று அழுதாளாம். இரண்டு பேரும் அழுது முடித்து, புது நாற்று நான்கோடு செல்லி திரும்பி வந்தாள். பசிக்கிறது என்று களி கேட்டு வாங்கித் தின்றாள். உன் அம்மா அடுப்படியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாளா அழுதாளா, நான் பார்க்கவில்லை. சாமி அலமாரிப் பேச்சை நான் எடுப்பதே இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் கம்பளித் துணி கட்டிக்கொள். நோய்நொடி அண்டாமல் நீ வந்து சேர எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஒன்றை மறந்துவிடாதே. செல்லி பேருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. நான்தான் படித்துக் காட்ட வேண்டும் என்பதை நினைவில் வைத்து எழுது. குழந்தையைப் பற்றி எழுதத் தயங்காதே. அவனுக்கு உன்னுடைய காது என்று நேற்று அவளாகவே எங்களிடம் சொன்னாள்.

உன் அப்பா,
வெ. பெரியண்ணன்