வலப்பக்கத்து ஜன்னல்

ஏப்ரல் 28
தெற்கே ஓஷ் நகரத்தில் அத்தையின் தங்கை வீட்டுப் பேரனுக்குத் தொட்டில் விழா. துணைக்கு நான். விமானத்தில்! இங்கே பிஷ்கெக்கிலிருந்து காரில் போனால் அத்தையின் முழங்கால் தாங்காதாம்.

கார் வழி என்றால் எங்கள் ஊர் வழி. தொக்தோகுல் ஏரிக்கரையில் அப்பா தேன்பெட்டிகளோடு தனியாக இருக்கிறார். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பிறந்த வீட்டுக்கு முறையாக அழைத்துப் போகவேண்டியது மாமியார், அதாவது அத்தை; அதுவரை நானாகப் போகக்கூடாது. "பனி கரையட்டும்." "முழங்கால் ஆறட்டும்." "உங்க ஊரு மலைக்கு அந்தாண்ட எங்கேயோ கிடக்கு." நான் வாயே திறப்பதில்லை.

ஏப்ரல் 30
அப்பாவிடம் போனில் சொன்னேன். குரலே மாறிவிட்டது.

"காலை விமானம் தினமும் தெரியும் கண்ணு. நம்ம ஊருக்குக் கிழக்கால, சூரியன் இருக்கிற பக்கமாத்தான் போகும். நீ சூரியனுக்கு முதுகு காட்டி உட்காரு, அதாவது வலப்பக்கம். இறக்கை மேல மட்டும் உட்கார்ந்துடாத. தகரத்தைப் பார்க்கவா அவ்வளவு காசு?"

ஊரை ஒருமுறை மேலிருந்தாவது பார்த்துவிட்டால் போதும் எனக்கு.

மே 2
என் வீட்டுக்காரர் மேதெர் கைபேசியில் இடம் போட்டுவிட்டார். வலப்பக்கம், இறக்கைக்கு நன்றாக முன்னால். ஜன்னல் எனக்கு, நடு இடம் அவர் அம்மாவுக்கு. கூடக் காசு ஆனதாம், எவ்வளவு என்று சொல்லவில்லை. "மாமனார் தேன் அனுப்புவாரு, அதுல கழிச்சுக்கிறேன்" என்றார். நல்ல மனுஷன். எனக்கு வாய்த்தாரே, ஆண்டவனுக்கு நன்றி.

மே 4, ஓஷ்
போச்சு.

விமானத்துக்குள் அத்தை வழியில் நின்று மூன்று இடத்தையும் ஒரு பார்வை பார்த்தார். "வீட்டுல எப்படியோ அப்படித்தான், உள்ளிடம் பெரியவங்களுக்கு. மருமக இந்தாண்ட. ஆகாயத்துல போனா முறை மாறிடுமா?" வழியோரத்து இடத்தில் இருந்த வெள்ளைத் தொப்பிக் கிழவர் வேறு, "சரியாச் சொன்னீங்கம்மா" என்று தலையாட்டினார்.

அத்தை, அது என் இடம் — இவ்வளவுதானே? ஏன் வரவில்லை? என் வாய்க்கு என்ன கேடு?

வழி நெடுக அத்தை கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் தலைத்துணியின் ரோஜாப்பூ. ஒருமுறை தோளுக்கு மேலே கொஞ்சம் நீலம் தெரிந்தது. ஏரியா, வானமா, யாருக்குத் தெரியும்?

இறங்கியதும் கழிப்பறையில் போய் அழுதேன். அப்பா கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

மே 5
விழா. நாள் முழுக்கத் தட்டு கழுவினேன். அப்பா இரண்டு தரம் கூப்பிட்டார். என்னத்தைச் சொல்ல?

மே 6
மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, மலைக்கு நடுவுல நீலமா ஒரு ஏரி கிடந்ததே. அதான் உங்க ஊரா?"

"ஆமா அத்தை."

"கணவாயில இருந்து ஒரே ரோடு. நேரா ஏரிக்குப் போய் இறங்குது. நான் என்னமோ உலகத்தோட அந்தக் கோடின்னு நெனச்சுட்டு இருந்தேன். உட்கார்ந்து மூச்சு விடுறதுக்குள்ள வந்துடுச்சே." என் துணி ஒன்றை எடுத்து மடித்தார். "இவ்வளவு கிட்டக்க பெத்த பொண்ணை வச்சுக்கிட்டு அந்த மனுஷன்..."

எழுந்துபோய்த் தங்கையிடம் கத்தினார்: "ஏண்டி, காருக்குச் சொல்லு. விமானம் வேணாம்."

"முழங்கால் அத்தை?"

"என் முழங்கால். வலிச்சா நான் கத்திக்கிறேன், உனக்கென்ன?"

கட்டின மூட்டையைத் திரும்ப அவிழ்த்துக் கட்டினேன். ஜன்னலில் நான் உட்கார்ந்திருந்தால்? யோசிக்கவே பயமாக இருக்கிறது.

மே 8, அப்பா வீடு
அப்பா வீடு என்று எழுதவே எவ்வளவு சுகம்.

சொன்னபடியே அத்தை ஒவ்வொரு வளைவிலும் கத்திக்கொண்டு வந்தார். ஓஷ் சந்தையில் அப்பாவுக்கு ஒரு மேலங்கி வாங்கியிருந்தார், தோளில் அவரே போர்த்திவிட்டார். அப்பா அவரை உள்ளே, நல்ல மெத்தையில் உட்காரவைத்தார். ரொட்டி, தேன், சுடச்சுட இறைச்சி.

சாப்பிடும்போது அப்பா கேட்டுவிட்டார். "போனை ஏன் எடுக்கல? ஜன்னல்ல பார்த்தியா இல்லையா?"

"நான் பார்க்கலப்பா. அத்தைதான் பார்த்தாங்க."

அப்பா அத்தை பக்கம் திரும்பினார். கொஞ்சம் கூச்சத்தோடு, "அன்னைக்குக் கூரைமேல ஏறி நின்னேன் சம்பந்தி. சிவப்புக் கம்பளியைக் கூட ஆட்டினேன். தெரிஞ்சேனா?" என்றார்.

அவ்வளவு உயரத்திலிருந்து வீடே தெரியாது.

அத்தை ரொட்டியைத் தேனில் தோய்த்தார்.

"தெரியாம? நல்லாவே தெரிஞ்சீங்க."