பக்கத்து சீட்டில் வைத்த பை

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் கல்லூரிப் பாட்டு வீடியோவுக்கு நீ எழுதிய கதையைப் படித்தேன். கம்பெனி பஸ்ஸில் சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண் கத்துகிறாள். ரொம்பத் தைரியம்தான். இங்கே யாரும் கத்துவதில்லை. காலி சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்துவிடுவோம். "இன்னாம்மா, சோத்துப் பைக்கு ஒரு சீட்டா?" என்று சிரித்துக்கொண்டே சூப்பர்வைசர் அதைக் கீழே தள்ளிவிட்டு உட்காருவான்.

நீ கதையாக்கிய இது என் அறைத்தோழிக்கு நடந்தது என்று போனில் சொன்னேன். அவள் பெயரைக் கேட்காதே. வீடியோவில் கம்பெனி இருக்கிற ஊர் ஒரகடம் என்றும் போடாதே.

நடிக்கிற பெண்ணுக்காக நீ கேட்ட என் யூனிஃபார்ம் கோட்டை இதோடு அனுப்புகிறேன். தோள்பட்டையில் கிழிந்திருக்கும், பஸ்ஸில் கிழிந்தது. இரண்டு முறை ஊசியைக் கையில் எடுத்தும் தைக்கவில்லை. நீயும் தைக்காதே. கேமராவில் அப்படியே தெரியட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா