நாலாவது முளைக்குச்சி

மகனே,

பெர்த்தில் வெயில் கொளுத்துகிறது என்று ஃபோனில் சொன்னாய். இங்கே மழைதான். உன் இருமல் நின்றதா?

எந்த ஊர் வளரும், ரயில் எங்கே போகும் என்று அரசாங்கம் போட்டிருந்த பழைய திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். புதிய திட்டத்தைக் காட்ட டப்ளினிலிருந்து ஒரு பெண் சர்ச் ஹாலுக்கு வந்தாள். அப்பா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். பழைய வரைபடத்தில் நம் ஊருக்குப் பெரிய சிவப்புப் புள்ளி இருந்ததே, புதியதில் அந்த இடம் வெறும் பச்சை.

“எங்க ஊரைக் காணோமேம்மா?” என்றார் அப்பா.

“ஊர் இருக்குங்கய்யா. வளர்ற ஊர்ல சேர்க்கல, அவ்வளவுதான்.”

பின்னாலிருந்து பக்கத்து வீட்டு மார்ட்டின் அப்பாவைப் பார்த்து, “கொல்மன், ரயில் வந்தா மகனும் வந்துடுவான்னியே. ரயிலும் பெர்த்துக்கே போயிடுச்சா?” என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவன் மகள் இருப்பதும் டொரண்டோவில்தானே.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ரோட்டோர நிலத்துக்குப் போனார். நீ வீடு கட்ட அவர் அளந்து, நாலு மூலையிலும் முளைக்குச்சி அடித்து வைத்த இடம். குச்சி உளுத்துப்போனால் மாற்றுவார். மாடுகளை அங்கே விட்டதே இல்லை. அன்றைக்கு மூன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கேட்டைத் திறந்து மாடுகளை உள்ளே விட்டார்.

நாலாவதை நான் பிடுங்க விடவில்லை. மாடு கழுத்து சொறிய ஒன்று இருக்கட்டும் என்றேன்.

“உளுத்துப்போச்சுன்னா?” என்றார்.

மாற்றிக்கொள்ளலாம் என்றேன்.

குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

அம்மா