தையல் போட்ட வாயும் மகனின் கலியாணமும்

மச்சாள்,

நேற்று டவுன்டவுனில் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கித் தையல் போட்டார்கள். கொப்பளிக்கத் தந்த மருந்தின் மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்து சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற உதவிப் பெண் பயந்துபோனாள்.

உங்கள் மகனின் கலியாணத்துக்கு முந்திய கிழமை உங்களுக்கும் இதே பல்லைத்தான் பிடுங்கித் தைத்தார்கள். தேவாலயத்தில் நீங்கள்தான் பாடவேண்டும். அதற்குள் ஆறிவிடும் என்று நம்பினீர்கள். தையல் அறுந்துவிடுமோ என்ற பயத்தில் பல்லும் துலக்கவில்லை, வாயும் கொப்பளிக்கவில்லை. ஆனால் மொன்ட்ரியால்-நோர் வீட்டில் பலகாரம் சுட்டு, ஒவ்வொன்றாக ருசி பார்த்தீர்கள்.

கலியாணத்துக்கு முதல்நாள் காலை வந்து பார்த்தால், சேலைத் தலைப்பால் கன்னத்தை மூடிக்கொண்டு நிற்கிறீர்கள். விலக்கினேன். ஒரே வீக்கம்.

"காய்ச்சலும் அடிக்குது. ஏன் சொல்லேல்லை?"

"கலியாண வீட்டிலை ஆரிட்டைச் சொல்லுறது? பேந்து பாப்பம்."

நான் விடவில்லை. இழுத்துக்கொண்டு போய்க் காரில் ஏற்றினேன்.

பல் வைத்தியர் இளம்பெண். தையலை வெட்டி எடுத்துக் காட்டினார். கறுப்பு நூல் முழுக்க மஞ்சள் படை. பின்னிய நூல் திரியைப் போல எச்சிலை உறிஞ்சும், சுத்தம் செய்யாவிட்டால் கிருமிகள் அதில் தங்கி, நூல்வழியே புண்ணுக்குள் இறங்கிவிடும் என்று பிரெஞ்சில் விளக்கினார். நான் தமிழில் சொன்னேன்.

"அப்ப, கலியாணத்துக்கு முதல் வந்திறங்கின ஆக்கள் அவைதானோ? சொல்லாமல் கொள்ளாமல் என்ரை பலகாரத்தையும் திண்டிட்டினம்!" என்றீர்கள்.

அதை மொழிபெயர்த்ததும், அந்தப் பெண் கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு புண்ணைக் கழுவி, மாத்திரை எழுதி, இனிமேல் ஒழுங்காகக் கொப்பளிக்கச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காய்ச்சல் விட்டிருந்தது, வீக்கம் வற்றவில்லை. ஆனாலும் பாடினீர்கள். உயரப் போகவேண்டிய இடத்தில் குரல் ஒரு பக்கமாகச் சரிந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் மகன் திரும்பிப் பார்த்து அழுதான். நீங்களோ ஒரு கன்னத்தால் சிரித்தீர்கள்.

போன மாரிக் குளிரில், உங்கள் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், நான் உள்ளே வந்ததுமே கையைப் பிடித்தீர்கள். "நோகுது மச்சாள். இந்த முறை ஒளிக்கேல்லை, பாத்தியளே?" இருவரும் சிரித்தோம். தாதியைக் கூப்பிட்டேன். ஊசி போட்டபின் நிம்மதியாகக் கண்ணயர்ந்தீர்கள்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் மகள், வழக்கம்போலப் பிரெஞ்சில், எப்படி இருக்கிறது என்று கேட்டாள். முன்பென்றால் ஒன்றுமில்லை என்றிருப்பேன்.

"நோகுது, பிள்ளை" என்றேன்.

அவள் தேத்தண்ணியை நன்றாக ஆற்றித் தந்துவிட்டு, போகாமல் பக்கத்திலேயே இருந்தாள்.