பூட்டியிருந்த பதினேழாம் எண்

2024 செப்டம்பர் 9, திங்கள்

வீட்டு வாரியத்தின் மேற்குக் குடியிருப்பில் சரிபார்ப்பு தொடங்கியது. தொண்ணூற்றாறு வீடுகள். போய்ப் பார்க்க ஒப்பந்த ஊழியராக நான் ஒருத்திதான். ஒதுக்கீடு வாங்கியவரே குடியிருக்கிறாரா என்று ஒவ்வொரு வீட்டையும் பார்க்க வேண்டும். பூட்டியிருந்தால் மூன்று முறை. இருக்கிறவருக்குக் கிரயப் பத்திரம். இல்லாதவருக்கு ஒதுக்கீடு ரத்து.

எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை. ஏழைக்கென்று கட்டிய வீட்டை வாங்கி உள்வாடகைக்கு விட்டவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

செப்டம்பர் 12

17-ஆம் எண், குருவம்மாள், வயது 52, கணவர் இல்லை. பூட்டு.

செப்டம்பர் 17

மறுபடியும் பூட்டு. எதிர்வீட்டுச் சுடலை, பெரியவர், கேட்காமலே சொன்னார்: "அது மலைக்குப் போயிருக்கு மேடம். ஏலக்கா சீசனு. தீவாளிக்குத்தான் எறங்கும்."

இங்கே எல்லாரும் எல்லாருக்காகவும் ஏதாவது சொல்வார்கள். ஜன்னல் இடுக்கு வழியாக நானே பார்த்தேன். அடுப்பு இல்லை, சட்டி பானை இல்லை, பாய்கூட இல்லை. கொடியில் ஒரு துணி இல்லை. மலைக்குப் போனவள் வீடு இப்படியா இருக்கும்?

செப்டம்பர் 24

மூன்றாம் முறையும் பூட்டு. 'பூட்டு' என்று எழுதினால் போதும். நான் கூடுதலாக எழுதினேன்: 'அடுப்பு, பாத்திரம், படுக்கை எதுவும் இல்லை. குடியிருப்பதற்கான அறிகுறி இல்லை.'

அலுவலகத்தில் மேலாளர் ஈஸ்வரன் படித்துவிட்டு, "படிச்சவங்க எழுதுனா ஒரு தெளிவு இருக்கும்மா" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அக்டோபர் 21

மழை. பதினொரு வீடுகளில் ரத்து நோட்டீசு ஒட்டிப் புதுப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். அதில் 17-ஆம் எண்ணும் உண்டு.

நவம்பர் 4

குருவம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். தோளில் சாக்கு மூட்டை. விரல் நுனியெல்லாம் ஏலக்காய்க் கறை.

"ஏன் ஆத்தா, என் வீட்ல வேற பூட்டு தொங்குது?"

"மூணு தடவை வந்தேன். உள்ள ஒரு பாத்திரம்கூட இல்லையே" என்றேன்.

"சட்டி பானையெல்லாம் ஜீப்புல ஏத்திட்டுத்தான போவோம்? எஸ்டேட்டுல நாங்க தங்குற லயத்து வீட்ல வெறுஞ்சொவருதான் இருக்கும். ரெண்டு மாசம் எதுல கஞ்சி காச்ச? ஊருக்கே தெரியுமே தாயி. ஒங்களுக்குத் தெரியாதா?"

போடியில் பிறந்தவள் நான். விடிகாலையில் மலையேறும் அந்த ஜீப்புகளை வாழ்நாளெல்லாம் பார்க்கிறேன். மேலே கட்டியிருக்கும் மூட்டைகளில் என்ன இருக்கும் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

நவம்பர் 6

என் குறிப்பு தவறு என்று எழுதிக் கொடுக்கப் போனேன். ஈஸ்வரன் கோபப்படவில்லை. "வெறும் பூட்டுன்னு எழுதியிருந்தா மறுபார்வைக்கு அனுப்பியிருப்பேன். அறிகுறி இல்லைன்னு நீங்கதானம்மா கையெழுத்துப் போட்டீங்க? இப்ப மாத்துனா எது பொய்யின்னு கேப்பாங்க. அப்ப எழுதுனதா, இப்ப எழுதுறதா?"

குருவம்மாளுக்கு மேல்முறையீட்டு மனு நானே எழுதினேன். என் குறிப்பு தவறு என்ற கடிதத்தையும் இணைத்தேன்.

டிசம்பர் 18

மனு தள்ளுபடி. 17-ஆம் எண் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவரான புஷ்பலதாவுக்கு.

டிசம்பர் 19

பத்தொம்பது வருஷம் இருந்திருக்கா அந்த வீட்ல. நான் மூணு நாள் போயி ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். என்னத்தப் படிச்சுக் கிழிச்சேன்? யாருக்கு வீடு, யாருக்கு இல்லன்னு சொல்ல நான் யாரு —

2025 மார்ச் 3

சந்தையில் சுடலையைப் பார்த்தேன். பதினேழில் யார் என்று கேட்டேன்.

"குருவம்மாதான்."

"எப்படி?"

"புஷ்பலதாவுக்கு ராசிங்காபுரத்துல மாடி வீடு கெடக்கு. அது எதுக்கு இந்தப் பொந்துக்கு வருது? இதுகிட்டயே வாடகைக்கு விட்டுருச்சு. போயி எழுதிராதீக மேடம். ஒங்க கை ராசியான கையி."

பக்கத்தில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள்.

எழுதினால் புஷ்பலதாவின் ஒதுக்கீடு ரத்தாகும். கூடவே குருவம்மாளையும் அத்துமீறிக் குடியிருப்பவர் என்று வெளியேற்றி, வீட்டைப் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். எழுதாவிட்டால் பத்திரம் ஒருநாள் புஷ்பலதா பேருக்கு வரும். எது சரி?

மார்ச் 4

எழுதவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

இந்த வருஷச் சரிபார்ப்பு. மறுபடியும் ஏலக்காய் சீசனில்தான். மாதத்தை மாற்றச் சொல்லி நான் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் இல்லை.

பதினேழு திறந்திருந்தது. உள்ளே அடுப்பு, சட்டி பானை, கொடி நிறையத் துணி. குருவம்மாள் எழுந்து வந்தார்.

"வாங்க மேடம். புஷ்பலதா கடைக்குப் போயிருக்கு. நான் அதுக்குச் சித்தி." முன்பின் பார்த்திராதவளிடம் பேசுவதுபோல.

"சீசனுக்குப் போகலையா?" வாயில் வந்துவிட்டது.

"வீடு பூட்டிக் கெடக்கக் கூடாதுல்ல."

அவரிடம் வேறு என்ன கேட்பது? 'ஒதுக்கீடு பெற்றவர் குடியிருக்கிறார்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். அதற்குக் கீழே ஒதுக்கீடு பெற்றவர் கையெழுத்து வேண்டும். படிவத்தை நீட்டினேன். பேனாவை வாங்கிக்கொண்டு தாளையே பார்த்தபடி நின்றார்.

"எனக்கு எம் பேரு மட்டுந்தான் ஆத்தா எழுதத் தெரியும்."

பையிலிருந்து வேறொரு தாளை எடுத்து, 'புஷ்பலதா' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார்.