மேடைக்கு நீ எடுத்துக்கொடுத்த பெயர்

அப்பா,

இன்று காலை கம்பெனி வண்டிக்காக ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். எதிர்ச் சுவரில் ஒருவர் பசை தடவி போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். நாம் அன்று பார்த்த அதே நாடகம். மறதி வந்த ஒரு பெரியவரின் கதை. மறுபடியும் போடுகிறார்களாம். அதைப் பார்த்ததும் நீ பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது.

அந்த நாடகம் முதலில் வந்தபோது உனக்கும் மறதி வந்திருந்தது. நான் பள்ளிக்கூடத்தை விட்டு, உன்னைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருந்தேன். அம்மா ஷூ கம்பெனிக்குப் போவாள். என்னை நீ உன் தங்கை, ராணி அத்தை என்றே நினைத்திருந்தாய்.

"ராணி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேண்ணா."

திருத்தினால் பயந்துபோவாய். அதனால் அப்படியே பதில் சொல்லப் பழகியிருந்தேன். ஆனாலும் ஒரு தடவையாவது என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாயா என்று ஏங்குவேன்.

பக்கத்து வீட்டு ரஹ்மத் அக்காதான் கல்யாண மண்டபத்துக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போனாள். சென்னையிலிருந்து வந்த நாடகக் குழு. மேடையில் அந்தப் பெரியவர் மகளின் முகத்தைப் பார்த்து, "என் பொண்ணு... இவ பேரு..." என்று நிறுத்தினார். எங்கோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

நீ கணியம்பாடிப் பக்கம் கூத்துப் பார்த்தே வளர்ந்தாய். அங்கே வேஷம் கட்டியவர் பாட்டு மறந்து தடுமாறினால், கூட்டத்திலிருந்து யாராவது எடுத்துக்கொடுப்பார்கள். இவரும் வசனத்தை மறந்துவிட்டார் என்று நினைத்து விருட்டென்று எழுந்தாய்.

"பவித்ரா! பவித்ரான்னு சொல்லுய்யா! இன்னா இது, பெத்த பொண்ணு பேரையா மறப்பாங்க?"

என் பெயர், அப்பா.

கூட்டம் சிரித்தது. எல்லாரும் நம் பக்கம் திரும்பினார்கள். வெட்கத்தில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன், அதற்குள்ளேயே அழுதேன். அந்த நடிகர் உன்னைப் பார்த்துக் கும்பிட்டு, "ஆமாங்க, பவித்ரா" என்றார். நாடகம் முடியும்வரை அந்த மகளை அப்படியே கூப்பிட்டார். சிரித்தவர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பிறகு ஒரு பத்திரிகையில் விமர்சனம் வந்தது. ரஹ்மத் அக்கா படித்துக் காட்டினாள். நாடகத்தைப் புகழ்ந்துவிட்டு, பார்வையாளர்கள் நடுவே ஒரு நடிகரை உட்காரவைத்தது பழைய உத்தி, அவருடைய நடிப்பும் மிகை என்று எழுதியிருந்தார்கள்.

"அண்ணே, நீங்க ஓவர் ஆக்டிங்காம்! அடுத்த தபா கொஞ்சம் கம்மியா நடிங்க!"

"யாரு நடிச்சாங்க?" என்று கேட்டாய். என் பக்கம் திரும்பி, "ராணி, டீ போட்டுக் குடும்மா" என்றாய்.

அதன் பிறகு, நீ போகும்வரை நான் ராணிதான்.

விமர்சனம் எழுதியவர்மேல் எனக்குக் கோபமில்லை. நடிகர் என்றே நம்பும்படி அவ்வளவு உறுதியாக நீ சொல்லியிருக்கிறாய். நானும் இப்போது ஷூ கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். யாராவது பெயர் கேட்டால் முன்பெல்லாம் வாய்க்குள்ளேயே முனகுவேன். இப்போது நீ அன்றைக்குச் சொன்ன சத்தத்திலேயே சொல்கிறேன். பக்கத்து மெஷின்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

பார்க்கட்டும்.